நாற்காலிக்குத் தாய்மொழி இல்லை

மகாராஷ்டிர மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சரும் மக்களவையின் முன்னாள் சபாநாயகருமான மனோகர் ஜோஷி 2024 பிப்ரவரி 23ஆம் நாள் மும்பையில் காலமானார். அவருக்கு வயது 86. கொங்கண மண்ணில், இன்றைய ராய்கட் மாவட்டத்து நாந்த்வி கிராமத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மாநகராட்சி உறுப்பினர், மேயர், மேலவை உறுப்பினர், எதிர்க்கட்சித் தலைவர், முதலமைச்சர், மத்திய அமைச்சர், சபாநாயகர் என்று படிப்படியாக ஏறியவர். இத்தனை படிகளையும் ஏறியவர்கள் இந்திய அரசியலில் மிகச் சிலரே.

இறந்தவரைத் தூற்றுவது தமிழ்ப் பண்பு அல்ல. அதே சமயம், இறந்துவிட்டார் என்பதற்காக நடந்ததை மறைத்து எழுதுவதும் நேர்மையான பத்திரிகைக்கு அழகல்ல. மாதுங்காவிலும் தாராவியிலும் சயானிலும் செம்பூரிலும் வாழும் நம் மக்களுக்கு ஜோஷியின் பொதுவாழ்வு ஒரு பாடம். அவரைப் பற்றிய பாடம் மட்டுமல்ல, நம்மைப் பற்றிய பாடமும் அதில் இருக்கிறது. ஆகவே இந்த மாதத் தலையங்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

லுங்கியை விரட்டிய காலம்

1960இல் மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. அதற்காக மராத்தி மக்கள் ரத்தம் சிந்தினார்கள்; நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் கொடுத்தார்கள். தலைநகரம் கைக்கு வந்தது. ஆனால் அந்தத் தலைநகரின் ஆலைகளும் கம்பெனிகளும் வேறு யார் யாரோ கையில் இருந்தன. எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டு வேலை தேடி அலைந்த மராத்தி இளைஞனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள நாம் தயங்கவில்லை. வேலையில்லாத் திண்டாட்டத்தின் வலி தமிழனுக்குத் தெரியாததா? அந்த வலிதானே நம் தந்தையரை திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் ரயிலேற்றியது!

ஆனால் அந்தக் கோபத்தை முதலாளியின் பக்கம் திருப்பாமல் சக தொழிலாளியின் பக்கம் திருப்பினார்கள். பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழ், அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. 1966 ஜூன் 19இல் சிவசேனா பிறந்தது. டைப்பிஸ்டும் ஸ்டெனோவும் இட்லிக்கடைக்காரரும் எதிரிகளாகக் காட்டப்பட்டார்கள். லுங்கி கட்டியவனை விரட்டு என்ற கோஷம் தெருவெங்கும் ஒலித்தது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. தெருவில் தமிழில் பேசவே நம் பெண்கள் அஞ்சிய காலம் அது.

அந்தக் கட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே அதில் சேர்ந்தவர் மனோகர் ஜோஷி. எம்.ஏ., எல்.எல்.பி. படித்தவர். மாநகராட்சியில் வேலை பார்த்துவிட்டு, 1961இல் கோஹினூர் என்ற தொழிற்பயிற்சி நிலையத்தைத் தொடங்கியவர். எலக்ட்ரீசியன், பிளம்பர், ரேடியோ மெக்கானிக் போன்ற கைத்தொழில்களை அங்கே இளைஞர்கள் கற்றார்கள். வேலையில்லாத பையனுக்கு முதலில் வேண்டியது கைத்தொழில் என்று அவர் கண்டது நல்ல காரியம். 'ஜோஷி சர்' என்ற பெயர் கடைசி வரை அவருக்கு நிலைத்தது. ஆனால் அவர் சேர்ந்த இயக்கமோ, நம் பையன்களின் கையில் இருந்த வேலையைப் பிடுங்கு என்றது. இந்த இரண்டும் அவர் வாழ்க்கையில் சேர்ந்தே இருந்தன. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விடுவது முறையாகாது.

மேயர் முதல் முதலமைச்சர் வரை

1968 மாநகராட்சித் தேர்தலில் சிவசேனா 42 இடங்களைப் பிடித்தது. ஜோஷி மாநகராட்சிக்குள் நுழைந்தது அப்போதுதான். 1972இல் மேலவைக்குப் போனார். 1976இல் பம்பாய் மேயரானார். அது நெருக்கடி நிலைக் காலம். அவருடைய கட்சி நெருக்கடி நிலையை ஆதரித்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பம்பாய் மாநகராட்சியில் நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம் இருக்கிறது. மேயரின் முக்கிய வேலை, மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி நடத்துவது. யாரைப் பேச அழைப்பது, யாரை உட்காரச் சொல்வது, எதை ஓட்டுக்கு விடுவது என்ற பயிற்சியை ஜோஷி முதலில் பெற்றது அந்த நாற்காலியில்தான்.

1995 தேர்தலில் 288 இடங்களில் சிவசேனா 73, பாரதிய ஜனதா 65 பெற்றன. மார்ச் 14ஆம் நாள் ஜோஷி முதலமைச்சரானார். அதே ஆண்டு பம்பாய் மும்பையாயிற்று. இதைத் தமிழன் குறை சொல்ல முடியாது. மறு ஆண்டே மெட்ராஸ் சென்னையாயிற்று அல்லவா! அவரவர் ஊரை அவரவர் மொழியில் அழைப்பது உரிமை. அடுத்தவன் மொழியை அழிக்காதவரை அது சிறந்த உரிமை.

ஆனால் ஆட்சியின் கயிறு யார் கையில் இருந்தது? அரசின் 'ரிமோட் கன்ட்ரோல்' தம்மிடம் இருப்பதாகக் கட்சித் தலைவர் தாக்கரேயே வெளிப்படையாகச் சொன்னார். முதலமைச்சர் மறுக்கவில்லை. 1992 டிசம்பர், 1993 ஜனவரி கலவரங்களை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷனை 1996 ஜனவரியில் அந்த அரசு கலைத்தது. எதிர்ப்புக் கிளம்பியபின் அதே ஆண்டு மே மாதத்தில் மீண்டும் உயிர் கொடுத்தது. 1998இல் அறிக்கை வெளியானபோது அதன் முடிவுகளை ஏற்க மறுத்தது. 1997 ஜூலை 11இல் காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதைக் கண்டித்துத் திரண்ட தலித் மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தி 10 பேர் மாண்டதும் இந்த ஆட்சியில்தான். இவற்றை மறந்து யாரும் அஞ்சலி எழுத முடியாது.

225 சதுர அடி

நம் வாசல் வரை வந்த காரியம் ஒன்று அந்த ஆட்சியில் நடந்தது. 40 லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்று தேர்தலில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். 1995 டிசம்பரில் குடிசைப் பகுதி மறுவாழ்வு ஆணையம், நாம் 'எஸ்.ஆர்.ஏ.' என்று சொல்வது, முதலமைச்சரின் தலைமையில் வேலை தொடங்கியது. 1995 ஜனவரி 1 அன்று வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்து, அந்தக் குடிசையிலேயே குடியிருப்பவருக்கு 225 சதுர அடி வீடு இலவசம் என்பது அன்றைய விதி. பில்டர் கட்டிக் கொடுப்பார். அதற்கு ஈடாக மேலும் கட்டி விற்றுக்கொள்வார். நூற்றுக்கு எழுபது பேர் சம்மதித்தால் திட்டம் நடக்கும் என்று அன்று இருந்தது.

சொன்ன இலக்கில் சிறு பங்குகூட அந்த ஆட்சிக்குள் முடியவில்லை. பில்டர்களின் லாபக் கணக்கில் பல திட்டங்கள் பாதியில் நின்றன. ஆனாலும் ஒரு கொள்கை எழுத்தில் வந்தது: குடிசையில் இருப்பவன் திருடன் அல்ல, உரிமை உள்ளவன். அந்த உரிமைக்கு என்ன மொழி பேசுகிறாய் என்ற கேள்வி இல்லை. மராத்தி பேசுபவருக்கும் தமிழ் பேசுபவருக்கும் ஒரே தேதி, ஒரே சதுர அடி. எந்தக் கட்சி 1960களில் நம்மை ரயிலேறச் சொன்னதோ, அந்தக் கட்சி நடத்திய அரசின் சட்டப் புத்தகத்தில் தாராவித் தமிழனுக்கும் இடம் இருந்தது. காரணம் என்ன? மனம் மாறிவிட்டார்களா? அதை நாம் அளந்து பார்க்க முடியாது. நமக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: அரசாணை எழுதும்போது அரசியல் சட்டம் பக்கத்தில் நிற்கிறது; தேர்தல் வரும்போது நம் ஓட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது.

புனேயில் ஆரம்பப் பள்ளிக்கென ஒதுக்கிய மனை விடுவிக்கப்பட்டு, அதில் முதலமைச்சரின் மருமகன் கட்டடம் கட்டிய விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 1999 ஜனவரி இறுதியில் கட்சித் தலைமையின் சொற்படி ஜோஷி பதவி விலகினார். ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து நிலம் ஒரு முதலமைச்சரின் பெயரைக் கெடுத்தது என்பதைப் பதவியில் இருக்கும் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும்.

சபாநாயகர் ஆசனம்

அதே 1999இல் மும்பை வடமத்தியத் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். தாராவி அப்போது அந்தத் தொகுதியில் இருந்தது. வாஜ்பாய் அமைச்சரவையில் கனரகத் தொழில்துறை அவருக்குக் கிடைத்தது. 2002 மார்ச் 3ஆம் நாள் சபாநாயகர் ஜி.எம்.சி. பாலயோகி ஆந்திராவில் ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டார். மே 10ஆம் நாள் ஜோஷி போட்டியின்றி சபாநாயகரானார். 15 உறுப்பினர்களே கொண்ட கட்சியின் ஆள், எதிர்க்கட்சிகளின் சம்மதத்தோடு அந்த ஆசனத்தில் அமர்ந்தார்.

அந்த ஆசனம் எப்படிப்பட்டது? ரயில்வேயில் வேலை செய்யும் நம் தோழர்களுக்கு ஓர் உவமை சொன்னால் எளிதில் விளங்கும். ஸ்டேஷன் மாஸ்டர் சிக்னல் கொடுக்கும்போது வண்டிக்குள் யார் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை. லைன் கிளியர் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறார். தம் அண்ணன் வருகிற வண்டி என்று முன்னால் விட்டால் விபத்துதான். சபாநாயகரும் அப்படித்தான். சபையில் அவர் எல்லோரையும் போல ஓட்டுப் போடுவதில்லை. இரு பக்கமும் சமமாக நின்றால் மட்டுமே அவருக்கு ஓட்டு. எது பண மசோதா என்று தீர்மானிப்பவர் அவர். கட்சி தாவியவரின் பதவி போகுமா நிற்குமா என்று சொல்பவரும் அவரே.

நமக்கு மிக நெருக்கமான இன்னோர் அதிகாரமும் அவருக்கு உண்டு. அரசியல் சட்டத்தின் 120ஆம் பிரிவு, பாராளுமன்ற அலுவல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்கும் என்கிறது. அந்த இரண்டிலும் தம் கருத்தைச் சரிவரச் சொல்ல முடியாத உறுப்பினர் தம் தாய்மொழியில் பேச அவைத் தலைவர் அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. யோசித்துப் பாருங்கள், தோழர்களே! தமிழில் பேசியதற்காகத் தமிழனைத் துரத்திய ஒரு காலத்தின் கட்சிக்காரர், தமிழில் பேச அனுமதி தரும் ஆசனத்தில் அமர்ந்தார். அந்த ஆசனத்தில் இருந்துகொண்டு, தமிழ் வேண்டாம் என்று அவர் சொல்ல முடியாது. சட்டம் அவரை விடாது. நாற்காலிக்குத் தாய்மொழி இல்லை. அதனால்தான் அதன் முன்னே எல்லாத் தாய்மொழிக்கும் இடம் உண்டு.

இதில் ஒரு சரித்திரப் பொருத்தமும் இருக்கிறது. 1952இல் முதல் மக்களவையின் சபாநாயகரான கணேஷ் வாசுதேவ் மாவ்லங்கர் ஒரு மராத்திக் குடும்பத்தில் பிறந்து குஜராத்தின் அகமதாபாத்தில் வாழ்ந்தவர். அந்த ஊர் மக்கள் அவரை வெளியூரான் என்று விரட்டவில்லை. ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள். பிழைக்கப் போன ஊரில் பெருமை பெற்ற மராத்திக்காரரிடமிருந்துதான் அந்த ஆசனத்தின் மரபு தொடங்குகிறது. மண்ணின் மைந்தர் என்று பேசுவோர் இதையும் பேச வேண்டும்.

ஜோஷி அமர்ந்த இரண்டு ஆண்டுகள்

ஜோஷி சபாநாயகராக இருந்தது இரண்டு ஆண்டுகளே. 2003 ஆகஸ்டில் வாஜ்பாய் அரசின் மீது எதிர்க்கட்சித் தலைவர் சோனியா காந்தி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் அவர் தலைமையிலான அவையில் விவாதிக்கப்பட்டு 312க்கு 186 என்ற கணக்கில் தோற்றது. 2003 டிசம்பரில் இரண்டு அரசியல் சட்டத் திருத்தங்கள் அதே அவையில் நிறைவேறின.

ஒன்று 92ஆவது திருத்தம். போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி ஆகிய நான்கு மொழிகள் எட்டாவது அட்டவணையில் ஏறின. 18 மொழிகள் 22 ஆயின. காட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் சுரங்கத்திலும் பாடுபடும் சந்தாலி மக்களின் மொழிக்கு நாட்டின் மரியாதை கிடைத்தது. மொழிக்காகத் துன்பப்பட்ட நாம் இதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறோம்.

மற்றது 91ஆவது திருத்தம். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் பிரிந்தால் அது 'பிளவு', தாவல் அல்ல என்று 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்தை இது அடைத்தது. அமைச்சர்கள் எண்ணிக்கைக்கும் சபையில் நூற்றுக்குப் பதினைந்து என்று வரம்பு கட்டியது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். 2022 ஜூனில் ஜோஷியின் சொந்தக் கட்சியே உடைந்தது. எது உண்மையான சிவசேனா, யாருடைய பதவி போகும் என்ற வழக்கு அதே கட்சித்தாவல் சட்டத்தின்கீழ் மகாராஷ்டிர சட்டமன்ற சபாநாயகரின் மேசைக்கு வந்தது. நியாயமான காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2024 ஜனவரி 10ஆம் நாள் சபாநாயகர் ராகுல் நார்வேகர், ஷிண்டே அணியே உண்மையான கட்சி என்றும், இரு தரப்பிலும் யாருடைய பதவியும் போகாது என்றும் தீர்ப்புச் சொன்னார். ஆறு வாரம் கழித்து ஜோஷி கண்மூடினார். அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று இங்கே வாதிக்க வரவில்லை. நாம் கேட்பது இதுதான்: ஒரு கட்சியின் சீட்டில் ஜெயித்தவர், அடுத்த தேர்தலிலும் அதே கட்சியின் சீட்டை எதிர்பார்ப்பவர், தம் கட்சியின் பங்காளிகளுக்கு எப்படி நடுவராக இருக்க முடியும்?

இதற்கு வழியில்லாமல் இல்லை. 1967இல் சபாநாயகரான நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸ் உறுப்பினர் பதவியையே விட்டுவிட்டு ஆசனத்தில் அமர்ந்தார். சபாநாயகர் கட்சியை விட்டு விலகினால் அது தாவல் ஆகாது என்று சட்டமே இன்று பாதுகாப்புத் தருகிறது. ஆனால் ஜோஷி விலகவில்லை. மற்ற பலரும் விலகவில்லை. 2008இல் சோமநாத் சாட்டர்ஜி பதவி விலக மறுத்தபோது கட்சியே அவரை வெளியேற்றியது. கட்சிகளுக்கு நடுவர் வேண்டாம், தம் ஆள்தான் வேண்டும் என்பது தெளிவாகிறது. ஆசனத்தில் அமர்பவர் கட்சிச் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் வர வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

நாம் செய்ய வேண்டியது

2004 தேர்தலில் சபாநாயகர் ஜோஷி தம் தொகுதியிலேயே தோற்றார். தாராவியிலிருந்து சட்டமன்றம் போயிருந்த ஏக்நாத் கெய்க்வாட் அவரைத் தோற்கடித்தார். நாட்டின் மிக உயர்ந்த ஆசனங்களில் ஒன்றில் இருந்தவரைச் சாலிலும் குடிசையிலும் வாழும் மக்கள் வரிசையில் நின்று இறக்கினார்கள். பிறகு 2006 முதல் 2012 வரை மாநிலங்களவையில் இருந்தார்.

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் கற்பது என்ன? தலைவர்களின் மனம் நல்லதா கெட்டதா என்று ஆராய்ந்துகொண்டிருப்பதால் பயனில்லை. நம்மைக் காத்தது யாருடைய கருணையும் அல்ல. சட்டமும், அதைப் பிடித்து நிறுத்திய ஓட்டும்தான் காத்தன. எனவே சில காரியங்களை வலியுறுத்துகிறோம்.

முதலாவது, வாக்காளர் பட்டியல். ஊரில் பெயர் இருக்கிறது, இங்கே எதற்கு என்று கேட்கும் அண்ணன்மார்களே, வாழும் இடத்தில் ஓட்டு இல்லாதவனுக்கு வாழும் இடத்தில் குரல் இல்லை. பதினெட்டு வயதான பிள்ளைகளுக்கு 6ஆம் எண் படிவம், வீடு மாறியவர்களுக்கு 8ஆம் எண் படிவம். நம் சங்க அலுவலகத்தில் நிரப்பித் தருகிறோம்.

இரண்டாவது, காகிதம். 1995 என்ற தேதி பிறகு 2000 ஆயிற்று. தேதி மாறலாம்; அத்தாட்சி கேட்பது மாறாது. பழைய ரேஷன் கார்டு, லைட் பில், வரி ரசீது எதையும் எடைக்குப் போடாதீர்கள். தாய்மார்கள் அவற்றைத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்த வேண்டும்.

மூன்றாவது, மொழி. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. பிள்ளைகள் குறைந்தால் வகுப்பு மூடப்படும். மூடியபின் போராடிப் பயனில்லை. தமிழ் வகுப்பில் பிள்ளையைச் சேருங்கள். அத்தோடு மராத்தியும் நன்றாகக் கற்றுக் கொடுங்கள். நாம் உண்ணும் சோறு இந்த மண்ணின் சோறு. பக்கத்து வீட்டு மராத்தித் தொழிலாளியோடு அவர் மொழியில் பேசுவது அடிமைத்தனம் அல்ல, தோழமை.

நான்காவது, நம்மை விரட்டிய கை இன்று வேறொருவனை விரட்டும்போது நாம் கைகட்டி நிற்கக் கூடாது. 2008 அக்டோபரில் ரயில்வே தேர்வு எழுத வந்த வட இந்திய இளைஞர்களை வேறொரு கட்சியினர் மும்பையில் அடித்து விரட்டினார்கள். அவர்கள் கையில் இருந்ததும் நம் தந்தையர் கையில் இருந்த அதே தகரப் பெட்டிதான். நேற்று மதராஸி, இன்று பையா, நாளை யாரோ. வேலை கொடுக்காத முதலாளி மட்டும் என்றும் பத்திரமாக இருக்கிறான்.

மனோகர் ஜோஷியின் குடும்பத்துக்கு நம் அனுதாபம். அவர் அமர்ந்த ஆசனத்துக்கு நம் மரியாதை. அந்த ஆசனத்தில் நாளை யார் அமர்ந்தாலும், அவர் எந்த மொழி பேசினாலும், சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கும் மக்களாக நாம் இருப்போம். பெயரைப் பட்டியலில் ஏற்றுவோம், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்போம், தொழிலாளர் எந்த மாநிலத்தவராயினும் தோள் கொடுப்போம்!